கோல்டு ஸ்டோரேஜ், இம்போர்ட், ஸ்வீப்: வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
பிட்காயின் பணப்பைச் செயலி ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். தலைப்பில் உள்ள மூன்றில் சிக்கி நிற்கிறேன். முதலாவது (cold storage), சாவியை, அதாவது பிட்காயினைச் செலவழிக்க வேண்டிய ரகசிய எழுத்துத் தொடரை, இணையமே தொடாத கணினியிலோ தாளிலோ வைத்திருப்பது. 'குளிர்ப்பதனக் கிடங்கு' என்று போட்டுப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மூட்டைதான் கண்ணில் வருகிறது.
– செ.

அன்பு செ.,
வள்ளுவரிடமே இருக்கிறது. 'அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி' (226). வைப்பு + உழி; உழி என்றால் இடம். குளிரும் வேண்டுமென்றால் 'தண்வைப்புழி'. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு உழை, வழி, உழி, உளி என்று அடுக்குகிறதே, இந்நான்கும் ஒரே வேரா என்பது என் நெடுநாள் ஐயம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
– புலவர் ஆ.

ஐயா, அந்தக் குறளில் பொருளை வைக்கச் சொன்ன இடம் பசித்தவன் வயிறு! அதைக் கொண்டுபோய் பிட்காயினுக்கா? தவிர, 'வைப்புழி'யை எழுத்துப்பிழை என்று நினைத்து நமக்கே புகார் வரும். குளிர் எதற்கு? இணையத்தோடு இணையாதது, அவ்வளவுதான். 'இணையாக் காப்பு'.
– மீ.

முதல் சொல் எதுவானாலும் பணம் போகாது. மற்ற இரண்டில் தவறினால் போகும்.

பழைய தாள் ஒன்றில் 5 என்று தொடங்கும் 51 எழுத்துச் சாவி இருக்கிறது, அதில் 2 பிட்காயின் என்று வையுங்கள். இம்போர்ட் செய்தால் சாவியின் நகல்தான் செயலிக்குள் வரும். தாளில் இருக்கும் சாவியும் செல்லுபடியாகும். 'இறக்குமதி' என்றால் சரக்கு இங்கே வந்துவிட்டது, அங்கே இல்லை என்றுதானே படிப்பவர் நினைப்பார்? அப்புறம் அரை பிட்காயின் செலவழிக்கிறார். 2 பிட்காயின் ஒரே வரவாக வந்திருந்தால், பெரிய நோட்டை மாற்றுவது போல முழுவதும் உடையும். மீதி ஒன்றரை பெரும்பாலும் செயலியின் வேறொரு முகவரிக்குத்தான் (கணக்கு எண் மாதிரி) போகும். மீதி தாளில் இருக்கிறது என்று நம்பிச் செயலியை அழித்தவர்கள் உண்டு. பரிவர்த்தனையைக் கையால் எழுதி, மீதி முகவரியைக் குறிப்பிட மறந்தால் இன்னும் மோசம்: அத்தனையும் பரிவர்த்தனையைப் பதிவேட்டில் ஏற்றும் சுரங்கக்காரருக்குக் (miner) கட்டணம்.

ஸ்வீப் என்பது தாளில் உள்ளதை ஒன்றுவிடாமல் புது முகவரிக்கு மாற்றுவது. செலவழிக்கும் நாளில் செய்ய வேண்டியது இதுதான்.
– கா.

அப்படியானால் 'வழித்தெடு'. ஆட்டுரலில் மாவை வழிப்பது போல. கல்லில் ஒட்டினதுகூட மிச்சம் இருக்கக் கூடாது.
– மீ.

'வழித்துவிட்டான்' என்றால் எங்கள் ஊரில் திருட்டு. 'துடைத்தெடு'வும் அதே கதிதான். 'முழுமாற்றம்' போடுங்கள்.
– ரா.

'முழுமாற்றம்' என்றால் செயலியின் தோற்றம் மாறுகிறது என்று நினைப்பார்கள்.
– கா.

எல்லாருக்கும் நன்றி. 'இணையாக் காப்பு', 'சாவி நகலெடு', 'வழித்தெடு' என்று அனுப்பிவிட்டேன். ரா. பொறுத்துக்கொள்ள வேண்டும்.
– செ.

அனுப்பியது சரி. ஆனால் 'இணையாக் காப்பு' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று எத்தனை பேருக்குப் புரியும்? இணையற்ற காப்பு என்றுதான் படிப்பார்கள். விளம்பரம் மாதிரி இருக்கிறது. உழி பற்றிய மடல் நாளை வரும்.
– புலவர் ஆ.