மொத்தமும் போனால் தானாகத் திருந்துவானா?

வாணி, அல்சூர்:
தம்பிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் நல்ல வேலை. ஆன்லைன் ரம்மியில் விட்ட பணத்துக்குக் கணக்கே இல்லை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்ததும் அப்பாடா என்றிருந்தோம். இப்போது பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங், விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. கேட்டால் இது வியாபாரம் என்கிறான். கடன் ஆப்காரர்கள் அப்பாவுக்கே போன் செய்து மிரட்டுகிறார்கள். "விடு, மொத்தமும் போனால் தானாகத் திருந்துவான்" என்கிறார் மாமா. தம்பி மனைவியோ இது மூளைக் கோளாறு, டாக்டரிடம் போகலாம் என்கிறாள். யார் சொல்வது சரி?

பாஸ்கர், மடிவாளா:
மாமா சொல்வதுதான். பட்டால்தான் புத்தி வரும். மூளை, கெமிக்கல் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு வசதியாகப் போய்விடும். எங்கள் தெருவில் ஒருவர் ரேஸில் வீட்டையே விட்டார், எல்லாம் போனபின் அவராகவே நிறுத்தினார், எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

ஜோதி, ஸ்ரீராம்புரம்:
பாஸ்கர் சார், சிகிச்சை இல்லாமலே விட்டவர்கள் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோற்றால் பாடம் படிப்பான் என்று நம்புவதுதான் இதில் ஆபத்து. நான் மனநல ஆலோசகர், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோபமைன் என்றால் சந்தோஷம் தரும் ரசாயனம் என்கிறோம், அது பாதிதான். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தால் செல்கள் துடித்தன. பழகியபின் சாறுக்குத் துடிக்கவில்லை, சாறு வரப்போவதைக் காட்டும் அடையாளத்துக்கே துடித்தன. வருமா வராதா என்று சரிபாதி சந்தேகம் இருந்தபோது, காத்திருக்கும் நேரம் முழுக்கத் துடிப்பு ஏறிக்கொண்டே போனதை 2003ல் அவர் குழு காட்டியது. அடுத்த சீட்டை எடுத்துப் பார்ப்பதற்கு முந்தைய நொடியில் ஆடுகிறவன் இருப்பதும் அந்தக் காத்திருப்பில்தான், பணம் வருவது அதற்கு அப்புறம்.

அதைவிட மோசம், மயிரிழையில் தவறும் ஆட்டம். லூக் கிளார்க் குழு 2009ல் ஸ்லாட் மெஷின் போன்ற ஆட்டத்தை ஸ்கேனுக்குள் ஆடவைத்தார்கள். கிட்டத்தில் வந்து தவறும்போது, ஜெயித்தால் வேலை செய்யும் அதே மூளைப் பகுதிகள் வேலை செய்தன. தவறியது பிடிக்கவில்லை என்றவர்களுக்கே மறுபடி ஆடும் ஆசை கூடியது. நாம் தோல்வி என்று எண்ணுவதை அவன் மூளை அப்படி எண்ணுவதில்லை. "விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன்" என்று சொல்லியிருப்பானே வாணி, அப்படித் துரத்துவதே இந்த நோயைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்று.

மொத்தமும் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குப் பெரிய பயம் உயிர் குறித்துத்தான். கடன் நெருக்கும்போது தற்கொலை எண்ணம் இவர்களுக்கு மிக எளிதில் வரும்.

பாஸ்கர்:
எல்லாருக்கும் அதே டோபமைன்தானே மேடம்? நானும் தீபாவளிக்குச் சீட்டாடுகிறேன், எழுந்து வந்துவிடுகிறேன். வித்தியாசம் ஒழுக்கம்தான்.

ஜோதி:
பார்க்கின்சன் நோய்க்கு பிராமிபெக்சோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள், மூளையில் டோபமைன் செய்யும் வேலையை அதுவும் செய்யும். அதைச் சாப்பிட்ட சிலர், அதுவரை சூதாட்டப் பக்கமே போகாதவர்கள்கூட, சேமிப்பை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். மாத்திரையைக் குறைத்ததும் பலருக்கு அந்த ஆசை அடங்கியது. மாத்திரை அவர்கள் ஒழுக்கத்தையா கெடுத்தது? 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்ட நோயை மதுவும் போதையும் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது சும்மா இல்லை.

கார்த்திக், கோரமங்களா:
வியாபாரம் என்கிறவனிடம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024ல் வெளியிட்ட கணக்கைக் காட்டுங்கள். மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

ஜோதி:
காட்டலாம். ஆனால் மீதி 7 பேரில் தானும் ஒருவன் என்பான்.

பாஸ்கர்:
சரி, நோய் என்றே வைத்துக்கொள்வோம். கடனை அப்பா அடைக்கக் கூடாது. பாவம் பார்த்து அடைத்தால் அடுத்த மாதம் புதுக் கடன். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஜோதி:
அவன் கையில் பணமாகக் கொடுக்கவே கூடாது, அதில் நானும் உங்கள் பக்கம். நீங்கள் தண்டனையாகச் சொல்கிறீர்கள், நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகச் சொல்கிறேன். கையில் பணம் இருந்தால் அந்த மூளை அதை ஆட்டமாகத்தான் பார்க்கும். சம்பளக் கணக்கையும் யுபிஐயையும் அவன் சம்மதத்தோடு மனைவி பார்த்துக்கொள்ளட்டும், டிரேடிங் கணக்கில் ஆப்ஷன் பிரிவை மூடச் சொல்லுங்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைப் பழக்க சிகிச்சை மையம் இருக்கிறது. பேச்சு சிகிச்சைதான் முக்கியம், சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரையும் ஆசையைக் குறைக்கும். அவன் வர மறுத்தாலும் வீட்டார் 14416ல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வாணி:
கணக்கைக் கொடுக்கச் சம்மதிப்பான் என்று தோன்றவில்லை. இன்றைக்கே தம்பி மனைவியை வைத்துக்கொண்டு 14416க்குப் பேசுகிறேன். அந்தப் பார்க்கின்சன் மாத்திரை விஷயத்தை மாமாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

பாஸ்கர்:
அப்பாவுக்கு வரும் மிரட்டல் போன்களை ரெக்கார்டு செய்து வையுங்கள் அம்மா. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அது வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.