வைத்த சைக்கிள் நிலையத்தில் நிற்கிறது, காசு மட்டும் ஓடுகிறது: என்ன செய்வது?

கொக்குவில்காரி:
வணக்கம், அவசரமாக ஒரு உதவி. தம்பி கனடாவில் படிக்கப் போய் இரண்டு மாதம். நகரமெங்கும் நிலையம் வைத்து வாடகைக்கு விடும் சைக்கிளில்தான் வகுப்புக்குப் போய் வருகிறான். அவனுக்கு அங்கே வங்கிக் கணக்கு இன்னும் சரிவரவில்லை, அதனால் செயலியில் என்னுடைய கார்டைப் பதிந்தோம்.

நேற்று மாலை 6 மணிக்கு எடுத்து, 20 நிமிடத்தில் அறைக்குப் பக்கத்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான். இரவு 11 மணிக்கு எழும்பிப் பார்த்தால் செயலியில் 'பயணம் தொடர்கிறது, 5 மணித்தியாலம்' என்று நிற்கிறது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நிமிடக் கணக்கில் காசு. பயந்துபோய் எனக்கு எடுத்தான். இங்கே இப்போது காலை எட்டரை. கார்டை உடனே நிறுத்து என்கிறார் அம்மா. நிறுத்தவா?

திருநெல்வேலி ஆசிரியர்:
தங்கச்சி, கார்டை இப்போது தொட வேண்டாம். காசு எடுக்க முடியாமல் போனால் தம்பியின் சைக்கிள் செயலிக் கணக்கை முடக்குவார்கள், பிறகு இரண்டு வேலை. அவரை இப்பவே அந்த நிலையத்துக்கு நடக்கச் சொல்லுங்கள். சைக்கிள் அங்கேதான் நிற்கும் என்று நினைக்கிறேன். நான் லண்டனில் படித்த காலத்தில் எனக்கும் இதேதான் நடந்தது. நிலையத்துத் தூணில் உள்ள பூட்டுக்குள் முன் சில்லு போனதுபோல இருக்கும், ஆனால் கொளுவியிருக்காது.

பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, ஒரே தள்ளாக உள்ளே தள்ள வேண்டும். லண்டனில் பூட்டுத் தூணில் பச்சை விளக்கு எரிந்தால்தான் சைக்கிள் திரும்பி வந்ததாகக் கணக்கு. பச்சை எரிந்த பிறகும் ஹாண்டிலைப் பிடித்து ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். தம்பியின் ஊரில் அடையாளம் வேறாக இருக்கலாம், தூணிலேயே படம் போட்டிருப்பார்கள்.

நல்லூர்த் திருவிழாவில் சைக்கிளைப் பாதுகாப்பு நிலையத்தில் விட்டால் துண்டு வாங்காமல் நகருவோமா? அந்தப் பச்சை விளக்குத்தான் அங்கே துண்டு. வீட்டில் ஸ்ராண்டைப் போட்டு மாமரத்தோடு சாய்த்துவிட்டுப் போய்ப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

லாச்சப்பல் வாசி:
அண்ணா சொன்னது சரி. அக்கா, ஒன்று மட்டும்: பூட்டுவதற்கு முதல் படம் எடுக்கச் சொல்லுங்கள். சைக்கிளில் உள்ள இலக்கம், தூணின் இலக்கம், நிலையத்தின் பெயர், சில்லு நிற்கிற நிலை, நாலும் தெரிய வேண்டும். பூட்டிவிட்டு எடுத்தால் பழுது என்ன என்று காட்ட வழியில்லை. சைக்கிளைக் காணவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் இரவிலேயே உதவி எண்ணுக்கு எடுக்கட்டும். 24 மணித்தியாலம் தாண்டினால் தொலைந்த சைக்கிளாகக் கணக்கிட்டுப் பெரிய தொகை அறவிடும் நகரங்கள் இருக்கின்றன. லண்டனில் 300 பவுண் வரை போகும்.

கொக்குவில்காரி:
நிற்கிறதாம்! ஒரு விரல் அளவு வெளியே நின்றிருக்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை. இரண்டு முறை தள்ளியும் பிடிக்கவில்லை. பக்கத்துத் தூணில் வைத்ததும் உடனே பச்சை. படங்கள் எடுத்துவிட்டான். ஆனால் 5 மணித்தியாலம் 50 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டு 7,000 ரூபாய்க்கு மேல் என் கார்டில் கழித்திருக்கிறார்கள். வங்கியில் முறைப்பாடு செய்யலாமா?

திருநெல்வேலி ஆசிரியர்:
வங்கிக்குக் கடைசியாகப் போங்கள். முதலில் சைக்கிள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், அதையும் தம்பிதான் அவருடைய மின்னஞ்சலில் இருந்து எழுத வேண்டும். எடுத்த நேரம், விட்ட நேரம், எந்தத் தூணில் பிடிக்கவில்லை, எந்தத் தூணில் பிடித்தது, இவ்வளவும் போதும், கூடவே படங்கள். ஒரு தூணில் பிடிக்காத சைக்கிள் அடுத்ததில் பிடித்தது உங்களுக்கு நல்ல சாட்சி. 6.20க்குப் பிறகு அவர் அறையில் இருந்ததற்குக் கைபேசி வரைபடத்தில் பதிவு இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

இன்னொன்று, நிலையம் நிரம்பியிருந்தால் பிள்ளைகள் பதறிப்போய் எங்காவது சாத்திவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. நான் லண்டனில் இருந்த காலத்தில் நிலையத்து இயந்திரத்தில் 'இடமில்லை' என்று அழுத்தினால் மேலும் 15 நிமிடம் இலவசமாகத் தந்தார்கள், அடுத்த நிலையம் எங்கே என்றும் காட்டியது. தம்பியின் நகரத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைக்கட்டும்.

லாச்சப்பல் வாசி:
எடுக்கும்போதும் கவனம். பாரிஸில் இருக்கையைப் பின்பக்கம் திருப்பி விட்டிருந்தால் அந்தச் சைக்கிள் பழுது என்று அர்த்தம். எங்கும் எழுதியிருக்காது, ஓடுகிறவர்களே பின்னால் வருகிறவருக்காகத் திருப்பிவிட்டுப் போவார்கள். நானும் எடுக்க முதல் பிரேக்கையும் காத்தையும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். பிறகு, அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். முதல் மாதத்தில் எனக்குச் சந்திகளில் திரும்பும்போது கை தன்பாட்டில் இடப்பக்கம் போனது. தம்பிக்கு இதையும் சொல்லுங்கள் அக்கா.

கொக்குவில்காரி (ஒன்பது நாளுக்குப் பிறகு):
முதல் கடிதத்துக்கு இயந்திரப் பதில்தான் வந்தது. படங்களோடு இரண்டாவது எழுதிய பிறகு ஆள் பதில் வந்தது. அந்தத் தூணைச் சோதித்துப் பூட்டுப் பழுது என்று ஒப்புக்கொண்டார்கள், மேலதிகக் கட்டணம் முழுவதும் நேற்று என் கணக்குக்குத் திரும்பி வந்தது. நாணய மாற்றில் போன சில நூறு ரூபாய் மட்டும் வரவில்லை, அது பரவாயில்லை. உங்கள் இருவருக்கும் மனதார நன்றி. அன்று கார்டை நிறுத்தியிருந்தால் தம்பியின் கணக்கும் போயிருக்கும்.

இப்போது ஒவ்வொரு மாலையும் பச்சை விளக்கைப் படமெடுத்து அனுப்புகிறான். அது வரும்போது இங்கே விடியப்புறம் நாலு மணி. அம்மாதான் முதலில் எழும்பிப் பார்க்கிறார்.