லைன் டிசிப்ளின், ஸ்ட்ராட்டஜி, டாப் ஹாஃப்: இயக்கி அத்தியாயங்களுக்கான சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

நாம் தமிழாக்கும் யூனிக்ஸ் உட்கருக் (கெர்னல்) கையேட்டில் வட்டு, முனைய (டெர்மினல்) அத்தியாயங்களுக்கான சொற்பட்டியலை முழுக்கப் படித்தேன். டிரைவருக்கு இயக்கி, இன்டரப்டுக்குக் குறுக்கீடு, பஃபருக்கு இடையகம் எல்லாம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். அவற்றில் கை வைக்க வேண்டாம். லைன் டிசிப்ளினுக்கு ‘வரி ஒழுக்கம்’, ஸ்ட்ராட்டஜிக்கு ‘வியூகம்’, டாப் ஹாஃப், பாட்டம் ஹாஃபுக்கு ‘மேற்பாதி–கீழ்ப்பாதி’ ஆகிய மூன்றையும் மட்டும் அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

இந்தக் கையேட்டைத் திறப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒன்று பழுதாகி, எந்தக் கோப்பைத் திருத்துவது என்று தேடிக்கொண்டு வருபவர். சொல் அவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நான் சொல்லப் போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் ‘வரி ஒழுக்கம்’. லைன் டிசிப்ளின் என்பது முனைய இயக்கிக்கும் நிரலுக்கும் இடையில் உட்கருவில் இருக்கும் ஓர் அடுக்கு. ஒழுக்கம் என்பது பொருந்தாது என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது ‘வரி’. விசைப்பலகையில் தட்டுவதை என்டர் அழுத்தும் வரை சேர்த்து வைத்து, ஒரு முழு வரியாக நிரலுக்குக் கொடுப்பது இந்த அடுக்கின் வேலைகளில் ஒன்று. அதனால்தான் எல்லாருக்கும் ‘வரி’ என்று தோன்றுகிறது. ஆனால் ஆங்கிலப் பெயரில் உள்ள லைன், கணினியையும் முனையத்தையும் இணைத்த தொடர்பு லைன். லினக்ஸில் உள்ள லைன் டிசிப்ளின்களின் பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும். 0 என்ற எண்ணில் வழக்கமான முனைய அடுக்கு, 1-இல் ஸ்லிப், 3-இல் பிபிபி, 15-இல் புளூடூத். ஸ்லிப்பும் பிபிபியும் இணையப் பொதிகளைத் தொடர்நிலைத் துறை (சீரியல் போர்ட்) வழியே அனுப்புபவை. அங்கே உரையும் இல்லை, வரியும் இல்லை. ‘வரி ஒழுக்கம்’ என்று படித்துவிட்டு பிபிபி பக்கத்துக்கு வருபவர் குழம்பிப்போவார்.

சரி, லைனைத் ‘தடம்’ என்று சொல்லலாமா? ‘தடநெறி’ என்று ஒரு பரிந்துரை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டு அத்தியாயத்தில் டிராக்குக்குத் ‘தடம்’ என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். ஒரே கையேட்டில், அடுத்தடுத்த அத்தியாயங்களில், ஒரே சொல் வட்டில் ஒன்றையும் முனையத்தில் வேறொன்றையும் குறிப்பது கூடாது. ‘கம்பிநெறி’யும் நிற்காது. இன்றைக்கு நாம் திறக்கும் முனையச் சாளரம் ஒவ்வொன்றும் மென்பொருளாலேயே ஆன போலி முனையம், அதில் கம்பி எங்கே இருக்கிறது? ‘நெறிமுறை’ என்றால் புரோட்டோகால் என்றாகிவிட்டது.

என் பரிந்துரை ‘இடைநெறி’. வன்பொருளைத் தொடும் இயக்கிக்கும், படிக்கக் காத்திருக்கும் நிரலுக்கும் இடையில் நிற்பது. வரும் பைட்டுகளை என்ன செய்வது என்ற விதிகள் அதில்தான் இருக்கின்றன. கழற்றி வேறொன்றை மாட்டவும் முடியும். இடைமுகம், இடையகம் என்று பழகிய காதுக்கு இது அந்நியமாகவும் இருக்காது.

இந்தச் சொல் பழுது பார்ப்பவருக்கு உதவுமா என்று ஒரு சோதனை செய்து பார்ப்போம். முனையத்தில், தட்டியதை அப்படியே திருப்பி அச்சிடும் கேட் (cat) கட்டளையை ஓட்டி, ‘க்’ என்று தட்டுங்கள். (கட்டளைக்காகக் காத்திருக்கும் பேஷ் தூண்டுநிலையில் வேண்டாம். அங்கே ரீட்லைன் என்ற நிரல்தொகுப்பு தானே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும், இடைநெறியின் வேலை தெரியாது.) யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ககரத்துக்கு மூன்று பைட், புள்ளிக்கு மூன்று பைட், ஆக ஆறு பைட்டுகள் இடைநெறியின் இடையகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது அழிப்பு விசையை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். முனைய அமைப்புகளை மாற்றும் ஸ்டிடிஒய் (stty) கட்டளையில், உள்ளீடு யுடிஎஃப்-8 என்று சொல்லும் ஐயுடிஎஃப்8 (iutf8) கொடி போடாமல் இருந்தால் ஒரே ஒரு பைட் போகும். மிச்சமிருக்கும் ஐந்தில் கடைசி இரண்டும் பாதி எழுத்தாகத் தொங்கும். என்டர் தட்டினால் அந்தக் குப்பைதான் நிரலுக்குப் போய்ச் சேரும். லினக்ஸ் 2.6.4-இல் வந்த இந்தக் கொடியைப் போட்டால் மூன்று பைட்டும் சேர்ந்து போகும், அதாவது புள்ளி மட்டும் போகும்.

ஆனால் திரையில் என்ன நடக்கிறது? இடைநெறி அழித்த ஒவ்வொரு குறியுருவுக்கும் (கேரக்டர்) ஒரு பின்நகர்வு, ஒரு வெற்றிடம், மீண்டும் ஒரு பின்நகர்வு என்று திரும்ப அனுப்புகிறது. நான் படித்துப் பழகிய நிரலில் அது குறியுருவின் அகலத்தைப் பார்ப்பதில்லை. புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது, ககரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே திரையில் ‘க்’ முழுவதும் மறைந்துவிடும், இடையகத்திலோ ‘க’ பத்திரமாக இருக்கும். காலியாகத் தெரியும் இடத்தில் என்டர் தட்டினால் கேட் ‘க’வை அச்சிடும். தமிழில் தட்டச்சு செய்யும் நாம் கட்டாயம் திருத்த வேண்டிய பழுது இது. இதைத் தேடி எழுத்துருவையும் விசைப்பலகை அமைப்பையும் தோண்டி நாளைக் கழித்தவர்கள் உண்டு. திருத்த வேண்டிய இடம் இடைநெறி. அப்படி ஒரு சொல் கையில் இருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

தட்டுவதை அப்படியே நிரலுக்கு விடும் ரா, வரியாகச் சேர்த்துக் கொடுக்கும் குக்டு என்ற இடைநெறி நிலைகள் இரண்டுக்கும் ‘கச்சா நிலை’, ‘பக்குவ நிலை’ என்று வந்தவை அருமையானவை, அப்படியே எடுத்துக்கொள்வோம். ரெண்டுக்கும் நடுவில் உள்ள சிபிரேக்குக்கு ‘அரைப்பக்குவ நிலை’ போதும். அதில் கன்ட்ரோல்-சி வேலை செய்யும், வரி முடியும் வரை காத்திருப்பது மட்டும் இருக்காது.

அடுத்து ‘வியூகம்’. வட்டு இயக்கியில் ஸ்ட்ராட்டஜி என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. படி, எழுது என்று வட்டுக்கு வரும் கோரிக்கைகளை அது தன் விருப்பப்படி வரிசை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் வந்த பெயர். ஆனால் ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ஆர்கே05 வட்டுக்கான இயக்கியை எடுத்துப் பாருங்கள். 203 உருளைகள் (சிலிண்டர்), 512 பைட் கொண்ட 4872 தொகுதிகள், அவ்வளவுதான் வட்டு. அதன் ஸ்ட்ராட்டஜி செயற்கூறு, வந்த கோரிக்கையை வாலில் சேர்க்கிறது, வட்டு சும்மா இருந்தால் கிளப்பிவிடுகிறது, திரும்பிவிடுகிறது. வியூகம் எதுவும் அங்கே கிடையாது. பின்னால் பெர்க்லியின் யூனிக்ஸான பிஎஸ்டியில் உருளை எண்படி அடுக்கும் வேலையை டிஸ்க்சார்ட் என்ற தனிச் செயற்கூறு பார்த்துக்கொண்டது.

எல்லா இயக்கிகளிலும் மாறாமல் இருப்பது ஒன்று உண்டு: அது கோரிக்கையை வாங்கிக்கொள்ளும், முடியும் வரை காத்திருக்காது. முடிந்த செய்தி பிறகு குறுக்கீடாக வரும். புதிதாக இயக்கி எழுத வருபவர் தவறுவதும் இங்கேதான். இந்தச் செயற்கூறுக்குள்ளேயே தூங்கி, வட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அடுத்த கோரிக்கை வாசலிலேயே நின்றுவிடும், அடுக்கி அனுப்பச் சேரும் கோரிக்கைகளே இருக்காது. அதனால் ‘கோரிக்கை ஏற்பி’ என்று வைக்கலாம். ஏற்பதுதான் அதன் வேலை, முடிப்பது வேறொருவர். அடுக்குவதற்குக் ‘கோரிக்கை வரிசையிடல்’ என்று தனிச் சொல். வட்டின் தலை போகும் திசைப்படி கோரிக்கைகளை அடுக்கும் எலிவேட்டர் முறையை ‘மின்தூக்கி’ ஆக்க வேண்டிய தேவை இனி இல்லை என்றே நினைக்கிறேன். திடநிலை வட்டில் நகரும் தலையே கிடையாது. லினக்ஸின் டெட்லைன் முறைகூட வட்டுத் துண்டங்களின் எண்வரிசையோடு நிற்காமல் காலக்கெடுவையும் பார்க்கிறது: இயல்பாக, படிக்கும் கோரிக்கைக்கு 500 மில்லிநொடி, எழுதும் கோரிக்கைக்கு 5 நொடி.

மூன்றாவதான ‘மேற்பாதி–கீழ்ப்பாதி’தான் எனக்கு அதிகக் கவலை தருவது. இவை இயக்கியின் இரண்டு பகுதிகளுக்கான பெயர்கள். பிஎஸ்டி மரபில் டாப் ஹாஃப் என்றால் நிரலின் அழைப்பால் ஓடும் பகுதி, பாட்டம் ஹாஃப் என்றால் குறுக்கீட்டால் ஓடும் பகுதி. லினக்ஸிலோ டாப் ஹாஃப் என்றாலே குறுக்கீடு வந்ததும் ஓடும் பகுதிதான். பாட்டம் ஹாஃப் என்பது அது தள்ளிப்போட்ட மிச்ச வேலை. கிட்டத்தட்டத் தலைகீழ்! மேற்பாதி, கீழ்ப்பாதி என்று தமிழாக்கினால் இந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குப் பழைய பெயரை விட முடியாத நிலை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

‘அழைப்புப் பக்கம்’, ‘குறுக்கீட்டுப் பக்கம்’, ‘பின்வேலை’ என்று மூன்றாகப் பிரித்துவிடலாம். இரண்டு பக்கமும் தொடும் கோரிக்கை வரிசையை எங்கே பூட்ட வேண்டும் என்பதும் அப்போது பெயரிலேயே தெரிந்துவிடும். அழைப்புப் பக்கம் வரிசையின் சுட்டிகளை மாற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் குறுக்கீட்டுப் பக்கம் புகுந்தால் ஒரு கோரிக்கை காணாமல் போகும், அதற்காகக் காத்திருக்கும் நிரல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பழைய யூனிக்ஸில் செயலியின் முன்னுரிமையை உயர்த்தி அந்தக் குறுக்கீட்டைத் தள்ளி நிறுத்தினால் போதும். பல செயலிகள் உள்ள கணினியில் அது போதாது, அடுத்த செயலியில் குறுக்கீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே, பூட்டு திறக்கும் வரை செயலியைச் சுழன்று காத்திருக்க வைக்கும் சுழல்பூட்டும் (ஸ்பின்லாக்) வேண்டும். இந்தப் பத்தியை மேற்பாதி, கீழ்ப்பாதி என்று போட்டு எழுதிப் பாருங்கள், எந்த உட்கருவைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கெட்டுப்போன வட்டுத் துண்டத்துக்குப் (செக்டர்) பதிலாக வேறு துண்டத்தைக் கொடுப்பதற்கு ‘மாற்றுத் துண்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சம்மதம்.

இடைநெறியைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அனுப்பும் முன் அந்தச் சொல்லைப் போலி முனையம், பிபிபி இரண்டுக்கும் பொருத்திப் பார்த்துவிடுங்கள். எதிர்ப்பு இல்லையென்றால் ஸ்டிடிஒய் கையேட்டுப் பக்கத்தின் தமிழாக்கத்தில் முதலில் இதைப் போட்டு அனுப்புகிறேன். ஐயுடிஎஃப்8 கொடியின் விளக்கத்தையும், மேலே சொன்ன ‘க்’ எடுத்துக்காட்டோடு அதிலேயே சேர்த்துவிடுகிறேன்.