குழாய் 12 கிலோமீட்டர், பாக்கி 40 மீட்டர்

ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர், குடிநீர்ப் பணி

அரசு வேலையில் திட்ட மேலாண்மை எப்படி இருக்கும் என்று தனியார் கம்பெனியிலிருந்து வரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பதவிப் பெயர்களில் அந்தச் சொல்லே கிடையாது. உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், அவ்வளவுதான். ஆனால் 28 வருடம் நான் பார்த்தது அந்த வேலையைத்தான்.

ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆற்றுப் படுகையில் கிணறு, அங்கிருந்து 12 கிலோமீட்டருக்குக் குழாய், ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டி. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து வேலை ஆரம்பித்தது. ஒப்பந்ததாரர் கெட்டிக்காரர். எட்டே மாதத்தில் குழாய் பதித்துவிட்டார், நடுவில் 40 மீட்டர் தவிர. அந்த இடத்தில் ரயில் பாதை.

தண்டவாளத்துக்குக் கீழே சாலையைத் தோண்டுகிற மாதிரி தோண்ட முடியாது. பெரிய இரும்புக் கேசிங் பைப்பைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளி, அதற்குள் நம் குழாயை விட வேண்டும். அதற்கு வரைபடம், கூட்டு ஆய்வு, ஒப்புதல், அப்புறம் கட்டணம். எஸ்டிமேட்டில் அந்தத் தலைப்பில் நான் போட்டிருந்த தொகை போதவில்லை. திருத்திய மதிப்பீடு தயாரித்து மறுபடி மேலே அனுப்பினேன். ஒன்றேகால் வருடம் ஓடிவிட்டது.

அதற்குள் தொட்டிகளுக்கு வெள்ளையடித்து, கொள்ளளவும் வருடமும் எழுதியாகிவிட்டது. ஒரு ஊரில் தொட்டிக்கு அடியில் ஆடு கட்டியிருந்த அம்மா என்னைப் பார்த்து, "சார், இது ஆட்டுக்கு நிழலுக்காகக் கட்டினதா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரயில்வேயைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது. பணி ஆணை கொடுத்த பிறகுதான் விண்ணப்பமே போட்டேன். சர்வேக்கு நடந்த அன்றே போட்டிருக்க வேண்டும். அடுத்த திட்டத்திலிருந்து குழாய் போகும் வழியில் நடக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன்: இது நெடுஞ்சாலை, இது காப்புக்காடு, இந்த மின்கம்பத்தை நகர்த்த வேண்டும், இது கோயில் நிலம். மதிப்பீடு முடிவதற்கு முன்பே கடிதங்கள் போய்விடும். இதைச் செய் என்று எந்த விதியும் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

ஆலோசனை நிறுவனத்தின் சார்பில் மாநகராட்சியில் இருந்தவர்

ஐயா சொன்னது சரி. நான் அந்தத் தம்பி வரும் திசையிலிருந்தே வந்தவள், அதனால் இதையும் கேளுங்கள். 2015-இல் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் தமிழ்நாட்டில் 11 நகரங்கள். அதில் ஒன்றில் வேலை. கையில் பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ், சுவரில் கதவு அகலத்துக்கு கான்ட் சார்ட், எந்த வேலை எப்போது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் அட்டவணை. கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர், ஓய்வுக்கு ஒரு வருடமே இருந்த அம்மா, அதை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எம் புக் எங்கம்மா இருக்கு?"

இல்லை. "பில் பட்டுவாடா, 15 நாள்" என்று ஒரே கட்டம்தான் போட்டிருந்தேன். அவர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எம் புக் என்றால் மெஷர்மெண்ட் புக், அளவுப் புத்தகம். முடிந்த வேலையை உதவிப் பொறியாளர் அளந்து அதில் எழுத வேண்டும். மேலதிகாரி செக் மெஷர்மெண்ட், அதாவது அந்த அளவு சரியா என்று மறுபடி அளந்து பார்க்க வேண்டும். தரச் சோதனை அறிக்கை இணைக்க வேண்டும். அப்புறம் பில், தணிக்கை, அதற்குப் பிறகுதான் பணம். இதில் ஒருவர் ஒரு வாரம் லீவு போட்டாலும் ஒப்பந்ததாரருக்குப் பணம் வராது, கூலி வராது, அவருடைய ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். போன ஆட்களைத் திரும்பக் கூட்டிவர ஒரு மாதம் ஆகும். என் சார்ட்டில் அந்த ஒரு மாதம் "ஒப்பந்ததாரர் தாமதம்" என்று சிவப்பில் நின்றது!

கடிதம் பற்றியும் அவரிடம்தான் கற்றேன். அனுப்பிவிட்டு நினைவூட்டு, மறு நினைவூட்டு என்று போட்டுக்கொண்டிருக்காதே, கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நேரில் போய் நில் என்பார். வாரத்தில் இரண்டு நாள் அப்படி நின்றேன். படிப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்

என்னுடையது சின்னக் கதை. தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை. டெண்டர் முடிந்தது, குறைந்த விலைக்காரரும் முடிவானார், ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அன்று 2021 பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை. மாலையில் சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். அந்த நிமிடமே நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. தொடங்கிய வேலை ஓடலாம், தொடங்காததற்குப் பணி ஆணை கொடுக்க முடியாது.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. அப்பாடா என்று நிமிர்ந்தால் மே 10 முதல் முழு ஊரடங்கு. கம்பி கட்டுகிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜூலையில்தான் அஸ்திவாரம் தோண்டினோம். கொரோனாவால் பள்ளியே மூடிக் கிடந்ததால் கேட்க ஆளில்லை. நவம்பர் 1 அன்று சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது பெயின்ட் காயவில்லை. தலைமையாசிரியர் வாசலில் கயிறு கட்டி வைத்திருந்தார்.