அப்பாவின்ர டிவிடி: விஎல்சியில படம் ஓடுது, கொப்பி பண்ணப் போனா அனுமதி இல்லையாம்

கடற்கரைவீதி:

வணக்கம். லினக்ஸ் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இதைக் கொஞ்சம் பாருங்கோ.

எங்கட அப்பா ரிவிக்குக் கீழ ஒரு டிவிடி ரெக்கோர்டர் வச்சிருந்தவர். பழைய வீஎச்எஸ் கசற் எல்லாத்தையும் அதில ஓடவிட்டு டிஸ்க்குக்கு மாத்தினவர். பிறகு கமராவால எடுத்ததும் அதிலதான். காலி வீதியால போன ஆடிவேல் தேர், சரஸ்வதி மண்டபத்தில நடந்த அக்காவின்ர அரங்கேற்றம், அம்மம்மா குசினியில இருந்து முறுக்குப் பிழிஞ்சுகொண்டு "உதை நிப்பாட்டு, என்னை எடுக்காதை" எண்டு அப்பாவைப் பேசுறது, எல்லாம் இருக்கு. கடையில வாங்கின படம் ஒண்டும் இல்லை, முழுக்க வீட்டில பதிஞ்சது. வெள்ளவத்தைக் கடல் காத்துக்கு யன்னல் கம்பியே நிக்குதில்லை, டிஸ்க் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? அதுதான் லப்டொப்புக்கு மாத்துவம் எண்டு தொடங்கினன். யூனிட்டி பிளாசாவில ஒரு யூஎஸ்பி டிவிடி ட்ரைவும் வாங்கியாச்சு. லப்டொப்பில உபுண்டு 22.04.

பிரச்சினை ரெண்டு விதமா வருது.

கொஞ்ச டிஸ்க்கை எங்கட சித்தியின்ர மகன் வந்து டெர்மினலில சூடோ (நிர்வாகி உரிமையோட ஓட்டுற கட்டளை) போட்டுக் கொப்பி பண்ணித் தந்திட்டுப் போனவன். பைல் எல்லாம் வந்திருக்கு, படமும் ஓடுது. ஆனா பேர் மாத்த விடுதில்லை, அழிக்க விடுதில்லை, போல்டரில பூட்டுப் படம் போட்டு நிக்குது. அவன் இப்ப மெல்பேர்ணுக்குப் போயிட்டான்.

மிச்ச டிஸ்க் அதைவிட மோசம். விஎல்சி எண்ட வீடியோ பிளேயரில டிஸ்க்கைத் திறந்தா மெனு வருது, படம் வடிவா ஓடுது. போல்டரைத் திறந்தா "அனுமதி மறுக்கப்பட்டது". ஓடுறதை ஏன் கொப்பி பண்ண ஏலாது? டிஸ்க்குக்கு அப்பா ஏதும் பூட்டுப் போட்டவரோ? அவர் இப்ப இல்லை, கேக்கவும் வழியில்லை.

மழைக்குருவி:

விண்டோஸ் கொம்பியூட்டர் ஒண்டு கடன் வாங்கி அதில போட்டு இழுத்து விடுங்கோ. சோலி முடிஞ்சுது. எங்கட ஒபிசில உப்பிடித்தான் செய்தனாங்கள்.

பழைய கசற்:

மழைக்குருவி சொல்லுறது வேலை செய்யும், பிழை இல்லை. விண்டோஸ் இந்த யுனிக்ஸ் அனுமதிக் குறிகளைக் கணக்கெடுக்கிறேல்ல. ஆனா உபுண்டு வச்சிருக்கிற ஆளுக்கு அதுக்காக இன்னொரு பெட்டி தேட வேண்டிய அவசியம் இல்லை, தங்கச்சி. நான் கொட்டாஞ்சேனையில கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ எண்டு கனகாலம் உந்த டிஸ்க்குகளோட மாரடிச்ச ஆள். ஆறுதலா வாசியுங்கோ.

முதல் ஒண்டு. அப்பா ஒரு பூட்டும் போடேல்ல. ரெக்கோர்டர் தன்ர பாட்டுக்கு எழுதினதுதான்.

டிவிடியில இருக்கிற கோப்பு முறைக்கு யுடிஎஃப் எண்டு பேர். அதில ஒவ்வொரு பைலுக்கும் போல்டருக்கும் உரிமையாளர் ஆர், ஆர் வாசிக்கலாம், ஆர் எழுதலாம் எண்டு குறிச்சு வைக்க இடம் இருக்கு. ரிவிக்குக் கீழ இருக்கிற பெட்டிக்கு உரிமையாளர் எண்ட கதையே தெரியாது. சில பெட்டி அந்த இடத்தை வெறுமையா விட்டிடும். அந்த டிஸ்க்கை லினக்ஸில போட்டா, குறிப்பில "வாசிக்கலாம்" எண்டு ஒருத்தருக்கும் எழுதியில்லை, அதால லினக்ஸ் ரூட் எண்ட நிர்வாகிக் கணக்கைத் தவிர ஒருத்தரையும் விடாது. டெர்மினலில எல்எஸ் -எல் அடிச்சுப் பாத்தா உரிமை எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில கோடு கோடாத்தான் இருக்கும். உரிமையாளர் இடத்தில சிலவேளை 4294967295 எண்டு ஒரு பெரிய இலக்கமும் வரும். பயப்பிடாதேங்கோ, 32 பிட்டையும் நிரப்பினா வாற இலக்கம் அது. "உரிமையாளர் குறிக்கப்படேல்ல" எண்டதுக்கு யுடிஎஃப்பில அப்பிடித்தான் எழுதுறது.

அப்ப விஎல்சி எப்பிடி ஓட்டுது? விஎல்சி டிஸ்க்காத் திறக்கேக்க போல்டர் வழியால போறேல்ல. அதுக்குள்ள இருக்கிற லிப்டிவிடிரீட் எண்ட பகுதி ட்ரைவை நேர வாசிச்சு, யுடிஎஃப்பைத் தானே பிரிச்சு எடுக்கும். அனுமதி பாக்கிறது லினக்ஸின்ர மவுண்ட், அதாவது டிஸ்க்கை ஒரு போல்டரா இணைச்சுக் காட்டுற வேலை. விஎல்சி அந்தக் கேற்றடிக்கே போகேல்ல. இது விளங்கினா வழியும் விளங்கும்: நாங்களும் ட்ரைவை நேர வாசிப்பம், இல்லாட்டி மவுண்ட் பண்ணேக்கயே குறிகளை மாத்தச் சொல்லுவம்.

கட்டளைகளைத் தமிழில தாறன், ஆங்கில எழுத்தில அடியுங்கோ.

திறக்க விடாத டிஸ்க்குக்கு முதல் அது மவுண்ட் ஆகியிருக்கிறதைக் கழட்ட வேணும் (/டெவ்/எஸ்ஆர்0 எண்டது டிவிடி ட்ரைவின்ர பேர்):

சூடோ யுமவுண்ட் /டெவ்/எஸ்ஆர்0

யு-வுக்குப் பிறகு என் இல்லை. அன்மவுண்ட் எண்டு முழுசா அடிச்சா அப்பிடி ஒரு கட்டளை இல்லையெண்டு சொல்லும். பிறகு:

சூடோ மவுண்ட் -டி யுடிஎஃப் -ஓ ஆர்ஓ,மோட்=0644,டிமோட்=0755 /டெவ்/எஸ்ஆர்0 /எம்என்டி

டிஸ்க் இனி /எம்என்டி எண்ட போல்டரில தெரியும். மோட் எண்டது பைலுக்கு, டிமோட் போல்டருக்கு. டிஸ்க்கில என்ன எழுதியிருந்தாலும் பறவாயில்லை, நான் சொல்லுறதைக் குறியா வச்சுக்கொள் எண்டுறம். ஆர்ஓ எண்டா வாசிப்பு மட்டும், டிஸ்க்கில ஒண்டும் மாறாது. கனபேர் இதில 0444, 0555 எண்டு போடச் சொல்லுவினம். வாசிக்க அது காணும். ஆனா கொப்பியும் அதே குறியோட வந்து, பிறகு பேர் மாத்த ஏலாமல் திரும்பவும் இங்க வந்து கேப்பீங்கள். 0644, 0755 எண்டு போட்டா கொப்பி வரேக்கயே நீங்கள் எழுதக்கூடிய மாதிரி வரும்.

கொப்பி பண்ணேக்க மட்டும் சூடோ வேண்டாம். சாதாரணமா சிபி -ஆர் எண்ட கொப்பிக் கட்டளை போதும். பைல் உங்கட பேரிலயே வரும்.

இனி, தம்பியார் கொப்பி பண்ணிட்டுப் போன போல்டர். அதில ரெண்டு சிக்கல் ஒண்டா நிக்குது. சூடோவால செய்ததால உரிமையாளர் ரூட். டிஸ்க் எழுத ஏலாதது எண்டதால வாசிப்பு மட்டும் எண்ட குறியும் கூடவே வந்திட்டுது. முதல் உரிமையாளரை மாத்துங்கோ, பிறகு குறியை:

சூடோ சிஎச்ஓன் -ஆர் உங்கட யூசர் பேர், இடைவெளி விட்டு போல்டரின்ர பேர்

சிஎச்மோட் -ஆர் யு+ஆர்டபிள்யூஎக்ஸ், திரும்பவும் போல்டரின்ர பேர்

ரெண்டிலயும் கோட்டுக்குப் பிறகு வாற ஆர் பெரிய எழுத்து. ரெண்டாவதில கடைசியா வாற எக்ஸும் பெரிய எழுத்து, அதில கவனம். பெரிய எக்ஸ் போல்டருக்குத்தான் உள்ள போற உரிமை குடுக்கும். சின்ன எக்ஸ் போட்டா வீடியோ பைலெல்லாம் புரோகிராம் மாதிரி ஓடக்கூடியது எண்டு குறியிட்டிடும்.

அழிக்க விடாததுக்கும் போல்டர்தான் காரணம். ஒரு பைலை அழிக்க அந்தப் பைலில எழுதுற உரிமை தேவையில்லை, அது இருக்கிற போல்டரில எழுதுற உரிமை வேணும். கூப்பன் மட்டையில ஒரு பேரை வெட்டுறதெண்டா மட்டை கையில இருக்க வேணும், பேருக்குரிய ஆளைக் கேட்டு வேலையில்லை. அதனாலதான் பைலை மட்டும் தட்டித் தட்டி உரிமை மாத்தினாலும் ஒண்டும் நடக்கிறேல்ல.

இதுக்குள்ள ஆராவது வந்து "777 போடுங்கோ" எண்டு சொல்லுவினம். சொல்ல முதலே சொல்லிப்போட்டன், வேண்டாம். வேலை நடக்கும், ஆனா அந்தப் பெட்டியில கணக்கு வச்சிருக்கிற எவரும் அம்மம்மாவை அழிக்கலாம்.

தெமட்டகொட நானா:

கசற் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் மேலதிகமா கொஞ்சம்.

தங்கச்சி, போல்டரை கொப்பி பண்றதுக்கு முன்னால முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜா, அதாவது டிஸ்க் அப்பிடியே அடங்கின ஒரே பைலா எடுத்து வச்சிருங்க. இதுக்கு அனுமதிப் பிரச்சினையே வராது, விஎல்சி மாதிரி ட்ரைவை நேரா வாசிக்கிறதுதான். உபுண்டுல டிஸ்க்ஸ்னு ஒரு புரோகிராம் ஏற்கனவே இருக்கு. இடது பக்கம் ட்ரைவைத் தெரிவு செஞ்சு, மேல இருக்கிற புள்ளி மெனுவைத் திறந்தா இமேஜ் உருவாக்குற தெரிவு வரும். டெர்மினலே தேவையில்லை. மெனு, அத்தியாயம் எல்லாம் அப்பிடியே இருக்கும். அந்த இமேஜ் பைலை (ஐஎஸ்ஓ) விஎல்சியிலயே திறக்கலாம். உள்ள இருக்கிறதை வெளிய எடுக்கணும்னா 7ஸிப்பால பிரிங்க. அது யுடிஎஃப்பைத் தானா வாசிக்கும், மவுண்ட் பண்ணத் தேவையில்ல.

கீறல் விழுந்த டிஸ்க்னா டிடிரெஸ்கியூங்கிற புரோகிராம். வாசிக்க முடிஞ்சதை முதல்ல எடுத்துட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில திரும்பிப் போகும். பிளொக் அளவு 2048னு குடுங்க, டிவிடியோட செக்டர் அதுதான். எது வரைக்கும் வாசிச்சதுன்னு குறிச்சு வைக்கிற மெப் பைல் ஒண்ணும் குடுத்தீங்கன்னா நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

எங்க சேமிக்கிறீங்கன்னு சொல்லலையே? பென் ட்ரைவோட கோப்பு முறை ஃபெட்32னா ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல போகாது. நிரம்பின டிஸ்க்கோட இமேஜ் அதுல அடங்காது, நடுவுல நிண்டுரும். அதை அனுமதிப் பிழைன்னு நினைச்சு மினக்கெட்ட ஆக்கள் நிறைய. எக்ஸ்ஃபெட்னா இடம் பிரச்சினை இல்ல, ஆனா அதுல சிஎச்மோட் போட்டா ஒண்ணும் பதியாது. உரிமை வைக்கிற வசதியே அந்த முறையில இல்ல. மவுண்ட் பண்றப்ப என்ன குடுத்ததோ அதுதான்.

இன்னொண்ணு. கமராவுல நேரா எழுதின சின்ன டிஸ்க், 8 சென்டிமீட்டர் வட்டம், 1.4 ஜிபி பிடிக்கிறது, அதுவும் இருக்கா? இருந்தா தட்டு வெளிய வர்ற ட்ரைவுல மட்டும் போடுங்க. வாயில செருகுற மாதிரி ட்ரைவுல போட்டா உள்ளயே மாட்டிக்கும்.

கடற்கரைவீதி:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அண்ணை சொன்ன மாதிரியே கோடு கோடாத்தான் இருந்தது, போல்டருக்கு முன்னால டி எண்ட எழுத்து மட்டும். மோட், டிமோட் போட்டு மவுண்ட் பண்ணினதும் உடன திறந்திட்டுது! தம்பி கொப்பி பண்ணின போல்டரிலயும் பூட்டுப் படம் போயிட்டுது. நானா சொன்ன மாதிரி இமேஜும் எடுக்கிறன், வெளி ஹாட் டிஸ்க்குக்கு. அது எக்ஸ்ஃபெட்தான்.

உள்ள பாத்தா அரங்கேற்றம் விடிஎஸ்_01_1, _2, _3 எண்டு துண்டு துண்டா இருக்கு. இதை ஒண்டாக்க ஏலுமோ? இன்னும் சில டிஸ்க்கில வீடியோ_டிஎஸ் எண்ட போல்டரே இல்லை. டிவிடி_ஆர்டிஏவி எண்டு ஒண்டும், அதுக்குள்ள ஒரு பெரிய விஆர்ஓ பைலும்தான்.

ஒரு டிஸ்க் மட்டும் ஒண்டுக்கும் மசியுதில்லை. அப்பாவின்ர கையெழுத்தில "ஆடிவேல்" எண்டு எழுதியிருக்கு, பின்பக்கத்தில பதிஞ்ச வளையமும் தெரியுது. ஆனா லப்டொப் வெறும் டிஸ்க் எண்டு சொல்லுது. இதுக்கும் அதே மவுண்ட் கட்டளைதானோ?

தெமட்டகொட நானா:

துண்டு துண்டா இருக்கிறது வழமை. டிவிடி வீடியோவுல ஒரு விஓபி (படம் இருக்கிற பைல்) 1 ஜிபியைத் தாண்டக் கூடாது, அதனால வெட்டி வச்சிருக்கும். கெட் (சி, ஏ, டி) கட்டளையில _1, _2, _3 வரிசையாக் குடுத்து ஒரு எம்பிஜி பைலுக்குத் திருப்பி விடுங்க. _0 வேணாம், அது மெனு. நேரக் கணக்கு குழம்பி இழுத்துப் பாக்க முடியாம இருந்தா எஃப்எஃப்எம்பெக்ங்கிற புரோகிராம்ல கொப்பியா ஒரு தடவை ஓட்டி எடுங்க. திரும்ப என்கோட் பண்ண வேணாம், தரம் குறையும்.

விஆர்ஓ எண்டது ரெக்கோர்டர்ல விஆர் முறையில பதிஞ்சது. எல்லாப் பதிவும் அந்த ஒரே பைலுக்குள்ள ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இருக்கும். எம்பிஜின்னு பேர் மாத்தினா விஎல்சியில ஓடும்.

ஆடுற இடத்துல கையோரம் சீப்புப் பல்லாட்டம் தெரியும். பால்னு சொல்ற டிவி முறையில இண்டர்லேஸ் பண்ணி, அதாவது ஒவ்வொரு படத்தையும் ஒண்ணு விட்ட கோடா ரெண்டு பாதியாப் பதிஞ்சது, 720க்கு 576 புள்ளி, செக்கனுக்கு 25 படம். விஎல்சியில டீஇண்டர்லேஸை ஒன் பண்ணுங்க. மூலப் பைலைத் தொடாதீங்க.

பழைய கசற்:

ஆடிவேல் டிஸ்க் வேற வருத்தம், தங்கச்சி. அனுமதியோட சம்பந்தமில்லை, மவுண்ட் கட்டளையால ஒண்டும் நடக்காது. அப்பா பதிஞ்சுபோட்டு பைனலைஸ் பண்ணாமல் எடுத்திருக்கிறார். படம் உள்ள இருக்கும், ஆனா பொருளடக்கம் எழுதி முடிக்கப்படேல்ல. மற்ற ட்ரைவுகள் அதைப் பாதி எழுதின டிஸ்க்காவோ வெறும் டிஸ்க்காவோதான் பாக்கும்.

அந்த ரெக்கோர்டர் வீட்டில இன்னும் இருக்கோ? இருந்தா அதில போடுங்கோ, தன்ர டிஸ்க்கை அது அடையாளம் காணும். மெனுவில பைனலைஸ் எண்டு இருக்கும், ஓடி முடியுமட்டும் கரண்ட் போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ. ரிமோட் இல்லாட்டித்தான் கரைச்சல், முன்பக்கத்துப் பட்டனால கனபெட்டியில அந்த மெனுவுக்குப் போக ஏலாது. பெட்டியே இல்லையெண்டா அதே கொம்பனியின்ர, முடிஞ்சா அதே மொடல் ரெக்கோர்டர் ஒண்டு தேட வேணும். பழைய சாமான் வாங்கி விக்கிற கடையளில கேட்டுப் பாருங்கோ. மொடல் நம்பரை இங்க போடுங்கோ, என்ர மேசைக்குக் கீழயும் ரெண்டு மூண்டு பெட்டி கிடக்கு.

அதுவரைக்கும் அந்த டிஸ்க்கை லப்டொப்பில போடாதேங்கோ. போட்டு, "வெறும் டிஸ்க், என்ன செய்ய?" எண்டு கேட்டா, ஃபோர்மட்டும் அமத்தாதேங்கோ, எழுதவும் விடாதேங்கோ.