பெங்களூரில் வேலை, புதுச்சேரி – கடலூர் பக்கம் வாடகை வீடு: கட்டுபடியாகுமா?

தென்பெண்ணை:
கையில் 15 லட்சம் இருக்கு. 40 லட்சத்துக்குள்ள புதுச்சேரியிலோ கடலூரிலோ ரெண்டு பெட்ரூம் வீடு ஒண்ணு வாங்கி வாடகைக்கு விடலாம்னு யோசனை. மீதிக்கு வங்கிக் கடன். இருப்பது பெங்களூரு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு. எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

திருப்பாப்புலியூர்:
வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் கடன்னா ரிசர்வ் வங்கி வரம்பு விலையில 80 சதவீதம். 40 லட்சத்துக்கு 32 லட்சம் கிடைக்கும். 8 லட்சம் நீங்க போடணும். கடலூர்னா முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3.6 லட்சம். இதை வங்கி விலையோட சேத்து கடன் தராது. வக்கீல், பெயிண்ட், ஒயரிங்னு போனா உங்க 15 லட்சம் காலி.

இப்போ தவணை. 8.5 சதவீதம், 20 வருஷம்னா மாசம் சுமார் 27,770. வாடகை 11,000 வருதுன்னு வெச்சுக்கோங்க. மாசாமாசம் 16,770 கையை விட்டுப் போகும். வருஷத்துல ஒரு மாசம் பூட்டிக் கிடக்கும், சொத்துவரி, ரிப்பேர் எல்லாம் கழிச்சா கையில நிக்கிறது ஒரு லட்சம். 40 லட்சத்துக்கு அது ரெண்டரை சதவீதம். எட்டரைக்குக் கடன் வாங்கி ரெண்டரைக்கு விடுறதுக்கு பேர் வேற.

லாஸ்பேட்டை:
வாடகையை மட்டும் வைத்து வீட்டை எடைபோடுவது பாதிக் கணக்கு. நிலத்தின் மதிப்பு ஏறுவதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வருமான வரியில் நிகர வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, வட்டியும் கழியும். தென்பெண்ணை செய்ய வேண்டியது விலையைக் குறைப்பது. 25 லட்சத்துக்குள், கோரிமேடு பக்கம், பழைய அடுக்குமாடியில் ஒரு பெட்ரூம். கடன் 13 லட்சம், தவணை 11,300 அருகில். வாடகை 8,000 வந்தால் பற்றாக்குறை 3,300தான். ஜிப்மர் மருத்துவமனை இருக்கும்வரை அங்கே ஆள் குறையாது: பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், மாசக்கணக்கில் சிகிச்சைக்கு வந்து தங்கும் குடும்பங்கள்.

திருப்பாப்புலியூர்:
நிலம் ஏறும்னு ஆரம்பிச்சு பழைய ஃபிளாட்ல முடிச்சீங்களே சார். ஃபிளாட்ல நிலம் எங்க இருக்கு? மொத்த மனையில உங்க பங்கு, அதாவது பிரிக்கப்படாத பாகம், 250 சதுர அடி வந்தா அதிகம். ஏறுறது அந்த 250 அடிதான், மேல இருக்கிற கட்டடம் வருஷா வருஷம் தேயும். உப்புக்காத்து ஊர்ல 25 வருஷக் கட்டடத்துல கூரைக்குள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதும், பூச்சு பெயர்ந்து விழும். சுத்தியலோட கைப்பிடியால கூரையைத் தட்டிப் பாருங்க. ‘டொப்’புனு வெத்துச் சத்தம் வந்தா உள்ள பிளவு.

வரிச் சலுகையிலயும் பாதி சொல்லிட்டீங்க. வட்டி வாடகையை மிஞ்சி நஷ்டமாச்சுன்னா பழைய வரிமுறையில வருஷத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்துல கழிக்கலாம். புது வரிமுறையில அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. பெங்களூர்ல சம்பளக்காரங்க நிறைய பேர் இப்போ புதுசுலதான் இருக்காங்க.

லாஸ்பேட்டை:
வரிமுறை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் பற்றி இல்லை. பத்து வருஷத்துக்குள் கட்டியது எடுத்தால் அந்தப் பயம் பெரிதில்லை.

கோட்டக்குப்பம்:
இருவரும் விட்ட ஒன்று: எல்லை. விளம்பரத்தில் ‘பாண்டி’ என்று போட்டிருக்கும், வீடு கோட்டக்குப்பத்திலோ பொம்மையார்பாளையத்திலோ இருக்கும். அது விழுப்புரம் மாவட்டம். கடலூர் சாலையில் கன்னியக்கோவில் புதுச்சேரி, கொஞ்சம் தாண்டினால் ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். பத்திரப்பதிவு, மின்சாரம், வாடகைச் சட்டம் மூன்றும் மாறிவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இது சார்பதிவாளர் பதிவு அல்ல, வேறு. முத்திரைத்தாளில் 11 மாதம் எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்பது பழைய பழக்கம். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்ல அந்தச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் பதியாத ஒப்பந்தத்தோடு போய் நின்றால் கேள்வி உங்களைப் பார்த்துதான். புதுச்சேரிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

புதுச்சேரியில் இன்னொரு சிக்கல், வெளியூர்க்காரர் கண்ணில் படாதது. விற்பவர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சில் வசிப்பவராக இருக்கலாம். 50 லட்சத்துக்குக் கீழே வரிப் பிடித்தம் இல்லை என்பது விற்பவர் இங்கே வசித்தால்தான். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் தொகை எவ்வளவானாலும் வாங்குபவர்தான் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், தவறினால் துறை உங்களிடம் வரும். அங்கிருந்து வரும் அதிகாரப் பத்திரத்துக்கு (பவர்) அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்பவரின் முன்னோர் தங்கள் மதத்தின் குடும்பச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் என்றால் வாரிசு முறையே வேறு. அது தெரிந்த உள்ளூர் வக்கீலிடம் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தென்பெண்ணை:
வெள்ளம்? எந்தத் தெரு மூழ்கும்னு வெளியூர்லேருந்து எப்படித் தெரியும்?

திருப்பாப்புலியூர்:
2011 டிசம்பர் 30, ‘தானே’ புயல். 2015 மழை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணை ஆத்துல வந்து கடலூர்ல ஏறினது. இந்தத் தேதிகளைச் சொல்லித் தெருமுனை மளிகைக்கடையில கேளுங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. காம்பவுண்டு சுவர்ல பெயிண்டுக்கு அடியில கோடு தெரியும். முக்கியமா, வீட்டு வாசப்படி ரோட்டைவிட எத்தனை அடி மேல? ரோட்டைச் சுரண்டாமலே மேல மேல போட்டு, பழைய வீடெல்லாம் பள்ளத்துல இருக்கு. புதுச்சேரில ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பேரைச் சொன்னாலே தெரியும். நவம்பர் கடைசியில வந்து பாருங்க, ஏப்ரல்ல எல்லா வீடும் நல்ல வீடுதான்.

போர் தண்ணியை பாட்டில்ல பிடிச்சுச் சோதனைக்குக் குடுங்க. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியில்லைன்னா 2000 வரைக்கும்னு இந்தியத் தரம் சொல்லுது. அதுக்கு மேல போனா குழாய், கீசர், குடியிருக்கிறவர் மூணும் நிக்காது.

லாஸ்பேட்டை:
இவையெல்லாம் வாங்கும் முன் ஒருமுறை பார்க்கிற வேலை. தூரம் ஒரு தடையே இல்லை. வாடகை வங்கிக்கு வரும், குழாய்க்காரருக்குப் பணம் போனில் போகும்.

கோட்டக்குப்பம்:
தூரத்து உரிமையாளருக்கென்றே ஒரு மோசடி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். இடையில் ஒருவர் உங்களிடம் மாச வாடகைக்கு எடுப்பார். அதே வீட்டை வேறொருவருக்கு நான்கைந்து லட்சம் வாங்கிக்கொண்டு, மாச வாடகை இல்லாமல், போக்கியத்துக்கு விடுவார், தானே உரிமையாளர் என்று சொல்லி. ஆறு மாதம் உங்களுக்கு ஒழுங்காக வாடகை வரும். பிறகு ஆள் இருக்க மாட்டார். உள்ளே இருப்பவரோ பணத்தைக் கொடுத்தால்தான் போவேன் என்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

தடுக்க: ஒப்பந்தத்தில் குடியிருக்கப் போகிறவரே கையெழுத்திட வேண்டும், உள்வாடகை கூடாது என்று எழுத வேண்டும், வாடகை அவர் கணக்கிலிருந்தே வர வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் நீங்களே நேரில் இருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் எண்ணைக் கொடுங்கள். ஆள் பிடித்துத் தருபவரும் வீட்டைக் கவனிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. குடியிருப்பவர் மாறினால்தான் தரகருக்கு ஒரு மாத வாடகை, அது நினைவிருக்கட்டும்.

லாஸ்பேட்டை:
கவனிக்கும் ஆளுக்கு மாசம் 500, 1,000 கொடுத்தால் நம் 8,000 வாடகையில் அதுவும் கழியும். ஒப்புக்கொள்கிறேன், பற்றாக்குறை 3,300 இல்லை, 4,300.

திருப்பாப்புலியூர்:
சொத்துவரி, ஃபிளாட் பராமரிப்புக் கட்டணம் இன்னும் சேக்கல சார்.

தென்பெண்ணை:
சரி, அடுத்த வாரம் ஒரு ஃபிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கேக்குறாங்க. கோரிமேடு.

கோட்டக்குப்பம்:
30 வருஷ வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அனுமதித்த வரைபடம் மூன்றின் நகலும் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வரைபடத்தில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி என்று எண்ணுங்கள். நீங்கள் பார்த்தது மேல் மாடியா?

தென்பெண்ணை:
ஆமா, மூணாவது.

கோட்டக்குப்பம்:
அப்படியென்றால் முதலில் வரைபடத்தை வாங்குங்கள்.