முரளி–லட்சுமணன்–சுவா சுற்று: வளையம் தடித்துத் தெரிவது கேயாஸா, இரைச்சலா?

எம்எஸ்சி_இறுதியாண்டு:
வணக்கம். புராஜெக்டுக்காக, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலிருந்து 1994-இல் வந்த முரளி–லட்சுமணன்–சுவா சுற்றை (சைன் அலை கொடுத்தால் கேயாஸ், அதாவது விதிக்குள் இருந்தும் ஒழுங்காகத் திரும்பாத ஓட்டம், காட்டும் எளிய மின்சுற்று) பிரெட்போர்டில் கட்டியிருக்கிறேன். காயில் 18 மில்லிஹென்றி, கெப்பாசிட்டர் 10 நானோஃபாரட், மின்தடை 1340 ஓம், சைன் அலை 8890 ஹெர்ட்ஸ். வீச்சை மெல்லக் கூட்டினால், ஸ்கோப்பின் எக்ஸ்-ஒய் திரையில் (ஒரு சிக்னலுக்கு எதிராக இன்னொன்றை வரையும் முறை) ஒற்றை வளையம் இரட்டையாகிறது. அதுவரை சரி. நான்காகப் பிரிய வேண்டிய இடத்தில் கோடுகள் தடித்து, விரலால் தேய்த்த மைபோல் ஆகிவிடுகின்றன. "கேயாஸ்தான், படம் எடுத்துக்கொள்" என்கிறார் கைடு. எனக்கு மனம் ஒப்பவில்லை.

அலைவரிசை:
எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டுப் பாருங்கள். நிறமாலை அகலமாக இருந்தால் கேயாஸ்.

ஈயப்பற்று:
அது போதாதுங்க. இரைச்சலுக்கும் நிறமாலை அகலமாகத்தான் இருக்கும். வேறு வழி சொல்கிறேன். ஒரு சுழற்சிக்கு 112 மைக்ரோவினாடி ஆகிறது. மெயின்ஸ் ஹம், அதாவது வீட்டு மின்சாரத்திலிருந்து கலக்கும் இரைச்சல், 50 ஹெர்ட்ஸ்; அதன் ஒரு அலைக்கு 20 மில்லிவினாடி. அதற்குள் உங்கள் சுற்று 178 முறை சுழன்றுவிடும். ஹம் என்றால் வளையம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குப் பட்டையாகத் தெரியும். கேயாஸ் அப்படிக் காத்திருக்காது, பத்து இருபது சுழற்சியிலேயே தடம் மாறும். ஸ்கோப்பை சிங்கிள் ஷாட்டில் (ஒரே ஒருமுறை பிடித்து நிறுத்தும் முறை) வைத்து 2 மில்லிவினாடி மட்டும் பிடியுங்கள். ஏறக்குறைய 18 சுழற்சி கிடைக்கும். அதில் கோடுகள் மெல்லியவையாக இருந்தால் குற்றவாளி ஹம். உள்ளே போகும் சிக்னலே சில பத்து மில்லிவோல்ட்தான். அதில் சில மில்லிவோல்ட் ஹம் கலந்தாலே பெரிய விஷயம். பவர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

எம்எஸ்சி_இறுதியாண்டு:
ஒரு பழைய அடாப்டரிலிருந்து... சிங்கிள் ஷாட்டில் சுத்தமான நான்கு வளையம்! ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கொஞ்சம் தள்ளி விழுகிறது. அடாப்டரைக் கழற்றி இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட்டேன், பட்டை போய்விட்டது. இப்போது 8 வளையம் கூட எப்போதாவது தெரிகிறது. 16 மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

ஈயப்பற்று:
16-க்காக மல்லுக்கட்டாதீர்கள். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் வீச்சில் கிடைக்கும் இடைவெளி முந்தையதில் சுமார் 4.669-இல் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டே போகும், ஃபைகன்பாம் எண் அது. அந்த இடைவெளி இரைச்சலைவிடச் சிறிதானால் இரைச்சல் அதை விழுங்கிவிடும். எந்த ஆய்வகத்திலும் சில இரட்டிப்புகளோடு நின்றுவிடும். ரிப்போர்ட்டில் அதையே எழுதுங்கள். கைடு கேட்டால் சிங்கிள் ஷாட் படத்தைக் காட்டுங்கள்.

அப்புறம், ஜெனரேட்டரை அடிமட்ட வீச்சில் ஓட்டாதீர்கள். பெரிதாக வைத்து, 470 ஓமும் 51 ஓமும் தொடராகப் போட்டு, 51-இன் குறுக்கே வோல்டேஜைப் பகுத்து எடுங்கள்.

எம்எஸ்சி_இறுதியாண்டு:
51 இல்லை. 47 வைக்கலாமா?

ஈயப்பற்று:
தாராளமாக. ஜெனரேட்டருக்குள் இருக்கும் 50 ஓமையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு வெளியே வரும். உங்கள் சுற்றிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும் மின்தடை சுமார் 43 ஓம், அதை 1340-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

எம்எஸ்சி_இறுதியாண்டு:
ஐயோ, இத்தனை நாளும் ஜெனரேட்டரின் 50 ஓமை நான் கழிக்கவே இல்லையே!